சிறுதேருக்கு ஓர் அச்சு

பலாப்பழ வரத்து ஓய்ந்து ஆடிக்காற்று தொடங்கும் சமயத்தில், பண்ருட்டியில் பொம்மை செய்கிற வீடுகளைத் தாண்டிப் போனால் ஒரு வாசனை வரும். ஊறிய காகிதம், சாக் பவுடர், கிழங்குமாவுப் பசை மூன்றும் சேர்ந்து வெயிலில் காய்கிற, லேசாகப் புளித்த வாசனை. வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊர் பலாவும் முந்திரியும்தான். உள்ளூரில் அந்த வாசனை வந்துவிட்டால் நவராத்திரி நெருங்கிவிட்டது என்று அர்த்தம். ஒரு தலைமுறைக்கு அதோடு இன்னொன்றும் ஞாபகம் வரும்: கொலுப்படிக்குக் கீழே, தரையில், பிள்ளைகள் பொறுப்பில் விடப்பட்ட ‘பார்க்’. படிகளில் எது எங்கே இருக்க வேண்டும் என்பது பாட்டிமார் அதிகாரம். கலசம், தசாவதாரம், மரப்பாச்சி, செட்டியாரும் அவர் கடையும் என்று எல்லாவற்றுக்கும் இடம் உண்டு, வரிசை உண்டு. கீழே பார்க்கில் மட்டும் சட்டம் கிடையாது. தாம்பாளத்து மண்ணில் கேழ்வரகும் கடுகும் முளைக்கவிட்டால் புல்வெளி. முகம் பார்க்கும் கண்ணாடி குளம். அதைச் சுற்றிச் செம்மண் ரோடு, ரோட்டில் கார்கள்.

அந்தக் கார்களை இப்போது யோசித்தால் சிரிப்பு வரும். ஒன்றுக்கொன்று அளவு ஒத்துப்போகாது. திருவதிகைத் தேர்க்கடையில் வாங்கிய தகரக் கார், பக்கத்திலிருக்கும் மண் வீட்டைவிட உயரமாக நிற்கும். தீப்பெட்டிகளை ஒட்டிச் செய்த லாரிக்கு, அறுந்த ரப்பர் செருப்பில் வட்டமாக வெட்டிய சக்கரம். களிமண் போலீஸ்காரர் நினைத்தால் பிளாஸ்டிக் ஜீப்பை இடுப்பில் தூக்கிக்கொண்டு போகலாம். கடையில் வாங்கியதைவிடக் கையால் செய்தது அதிகம். நுங்கு குடித்த காய் இரண்டை ஒரு குச்சியில் கோத்து, கவட்டைக் கம்பால் தள்ளிக்கொண்டு ஓடுகிற வண்டி கடலூர் மாவட்டத்தில் கோடைதோறும் புதிதாக உற்பத்தியாகும். மாடல் மட்டும் மாறாது. வண்டியைச் சின்னதாக்கி விளையாடுகிற ஆசை நமக்குப் புதிதுமில்லை. பட்டினப்பாலையிலேயே குழந்தைகளின் மூன்று சக்கரச் சிறுதேர் வருகிறது. ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்தாவது பருவமே சிறுதேர் உருட்டல்தான். ஆனால் பெரிய வண்டியை அங்குலம் அங்குலமாக அளந்து, இத்தனையில் ஒரு பங்கு என்று கணக்காகக் குறைத்து, நூறு துண்டாக்கிப் பெட்டியில் அடைத்து, “நீயே ஒட்டு, நீயே பெயிண்ட் அடி” என்று விற்கிற மாடல் கிட் மட்டும் அந்தப் பார்க்குக்கு வந்து சேரவே இல்லை.

இப்போது வருகிறது. கொலுவில் பார்க் காணாமல் போய், ‘தீம்’ வைத்துப் படி கட்டும் காலத்தில், கூரியரில் வருகிறது. பிள்ளைகளுக்காக அல்ல, சம்பாதிக்கத் தொடங்கிய பெரியவர்களுக்காக. ஜப்பான் பெட்டியோ ஜெர்மன் பெட்டியோ, உள்ளே சட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் சாம்பல் நிறப் பாகங்கள், குறிப்புத்தாள், தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் டீகால். வாங்குகிறவர்களுக்குள் ஓயாமல் நடக்கிற பேச்சு ஒன்று உண்டு: அடுத்து எந்தக் கார் வரும்? அதன் தமிழ்நாட்டுப் பிரிவு இன்னும் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளும்: இத்தனை போர்ஷே, இத்தனை ஸ்கைலைன் வருகிறதே, நம் அம்பாசடர் ஏன் வருவதில்லை? வெள்ளைக்காரனுக்கும் ஜப்பான்காரனுக்கும் நம் வண்டி தெரியாது என்பது பொதுவாகச் சொல்லப்படுகிற பதில். எனக்கு அது போதவில்லை. அடுத்து என்ன வரும் என்பதை ஆசையோ அறியாமையோ தீர்மானிப்பதில்லை; அச்சு தீர்மானிக்கிறது. அச்சு வெட்ட ஆகிற செலவும், அதிலிருந்து எத்தனை பெட்டி விற்று அந்தச் செலவை எடுக்கலாம் என்கிற கணக்கும்தான். இந்தக் கணக்கு பண்ருட்டிப் பொம்மைக்காரருக்குப் பல தலைமுறையாகத் தெரியும். ஆகவே நம் வண்டி என்றைக்காவது கிட்டாக வருமானால், அவர் கணக்கின் வழியாகத்தான் வரும் என்பது என் வாதம்.

இரண்டு அச்சுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். காகிதக்கூழ்ப் பொம்மைக்கு முதலில் களிமண்ணில் ஒரு மூலம் செய்வார்கள். அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி முன்பாதி, பின்பாதி என இரண்டு அச்சு எடுப்பார்கள். அச்சில் பொடி தூவி, பிசைந்த கூழை அப்பளம் மாதிரித் தட்டி உள்ளே வைத்துக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போக வேண்டும். மூக்கு, விரல், கிரீடத்தின் நுனி என்று ஒவ்வொரு பள்ளத்திலும் கூழ் இறங்கினதா என்று விரல்தான் பார்க்கும். பாதி காய்ந்ததும் எடுத்து, இரண்டு பாதியையும் ஒட்டி, விளிம்பைக் கூழாலேயே பூசி மறைத்து, வெயிலில் வைத்து, உப்புத்தாள் தேய்த்து, வெள்ளை பூசி, பிறகு வண்ணம். கண் கடைசியில். அந்த அச்சு விலை குறைவு. ஆனால் ஈரம் குடித்துக் குடித்து அதன் விளிம்பு மழுங்கிப்போகும். மூலத்தை வைத்து மறுபடி எடுத்துக்கொள்வார்கள். கார் கிட்டின் அச்சோ எஃகு. இரண்டு எஃகுப் பாளங்களில் கதவுக் கைப்பிடிவரை குடைந்து, மூடி, உருகிய பாலிஸ்டைரீனை உயர் அழுத்தத்தில் செலுத்துவார்கள். சில நொடிகளில் ஒரு சட்டம் வெளியே வரும். லட்சம் தடவை அடித்தாலும் தாங்கும் அச்சு அது. ஆனால் முதல் பெட்டி விற்பதற்குள் லட்ச லட்சமாகப் பணம் உள்ளே போயிருக்கும். கார் உடம்புக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, குரோம் பாகங்களுக்கு ஒன்று என அச்சு பலவாகப் பிரியும். இப்படி முதல் போட்டவர் ஆயிரம் பேர் கேட்கிற வண்டியைத் தேடமாட்டார், லட்சம் பேர் கேட்கிற வண்டியைத்தான் தேடுவார்.

ஜப்பானின் ஷிசுவோகா பகுதியைப் பாருங்கள். டாமியா, அயோஷிமா, ஃபுஜிமி, ஹசேகாவா என நான்கு பெரிய கிட் கம்பெனிகளும் அங்கேதான். காரணம் பிளாஸ்டிக் அல்ல, மரம். கோயில் வேலைக்கு வந்த தச்சர் பரம்பரை, மரச்சாமான் தொழில், மர விளையாட்டுப் பொருள் என்று ஏற்கெனவே ஊறிக்கிடந்த பகுதி அது. டாமியா 1946-இல் மரம் அறுக்கும் தொழிலாகத் தொடங்கி, மரத்தில் கப்பல் மாடல் செய்துவந்த கம்பெனி. பிளாஸ்டிக் அலை வந்தபோது 1960-இல் யமாட்டோ போர்க்கப்பலுக்கு அச்சு வெட்டினார்கள். போட்டிக் கம்பெனி அதே கப்பலை இன்னும் மலிவாக விட, கை சுட்டுக்கொண்டார்கள். அந்தச் சூட்டில் கற்ற பாடம் 1976-இல் தெரிந்தது. போர்ஷே 934 காரைப் பன்னிரண்டில் ஒரு பங்காகச் செய்ய வேண்டும் என்பதற்காக ஒரு நிஜப் போர்ஷேயையே வாங்கிக் கழற்றிப் பார்த்தார்கள். அந்த அளவுக்குச் செலவழித்த அச்சை ஒரு கிட்டோடு விட்டுவிட முடியுமா? அதே உடம்பை மோட்டார் வைத்த ரேடியோ கன்ட்ரோல் காராகவும் விட்டார்கள்; அது ஒரு லட்சத்துக்கு மேல் விற்றது. டாமியாவின் ரேடியோ கார் சாம்ராஜ்யமே அப்படி, ஒரு அச்சின் கடனை அடைக்கப் போய் முளைத்தது. மே மாதம் ஷிசுவோகாவில் நடக்கும் ஹாபி ஷோவில் புதுப் பெட்டிகளை அறிவிப்பார்கள். அந்த அறிவிப்புக்கு முன்னால் ரசிகர்கள் போடுகிற பட்டியலையும் பின்னால் வருகிற பட்டியலையும் ஒப்பிட்டால், கம்பெனி ரசிகரைவிடக் கணக்கப்பிள்ளையை அதிகம் கேட்கிறது என்பது விளங்கும்.

அமெரிக்கக் கதையும் இதையே வேறு பக்கத்திலிருந்து சொல்கிறது. 1950-களில் அங்கே கார் கம்பெனிகளே தங்கள் புது மாடலைச் சின்னதாகச் செய்து ஷோரூமில் வைக்க ஆர்டர் கொடுத்தன. ஏஎம்டி போன்ற கம்பெனிகளுக்கு வரைபடமும் கிடைத்தது, அச்சுக் காசில் ஒரு பங்கும் கிடைத்தது. அதே அச்சிலிருந்து கிட் எடுத்து 1958 முதல் ‘ஒன்றில் மூன்று’ என்று விற்றார்கள்: கம்பெனி கார், அலங்கரித்த கார், பந்தயக் கார், எதை வேண்டுமானாலும் அதே பெட்டியிலிருந்து கட்டலாம். இருபத்தைந்தில் ஒரு பங்கு என்கிற விநோத அளவு அமெரிக்கக் கிட்டுகளில் இன்றும் நிற்பது அந்த ஷோரூம் பொம்மைகளால்தான். இன்றைக்கு அங்கே வருகிற ‘புதுப்’ பெட்டிகளில் பெரும்பாலானவை அறுபது எழுபதுகளில் வெட்டிய அச்சுகள். அட்டைப்படமும் டீகாலும் மட்டும் புதிது. பிரிட்டனில் ஏர்ஃபிக்ஸ் கம்பெனி 1949-இல் செய்த முதல் மாடல் ஃபெர்குசன் டிராக்டர். ஃபெர்குசன் கம்பெனியின் விற்பனையாளர்கள் கையில் எடுத்துப்போய்க் காட்டுவதற்காகச் செய்தது. அச்சுக்கு யாராவது முன்பணம் கொடுக்க வேண்டும். யார் கொடுத்தார்களோ அவர்கள் வண்டி சின்னதானது.

நமக்கு யாரும் கொடுக்கவில்லை. நமக்கு வந்தவை பழைய அச்சுகள். பிரிட்டனின் டிங்கி டாய்ஸ் ஓய்வு கொடுத்த அச்சுகள் 1960-களின் இறுதியில் கல்கத்தாவுக்கு வந்து, ‘நிக்கி டாய்ஸ்’ என்ற பெயரில் உலோகக் கார்களாக வெளிவந்தன. தேய்ந்த அச்சு என்பதால் விளிம்பெல்லாம் பிசிறு. அந்தப் பிசிறுக்காகவே இன்றைய சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடுகிறார்கள் என்பது வேறு கதை. அவற்றில் ஸ்டாண்டர்ட் 20 மினிபஸ்ஸும் ஒன்று. அந்த வண்டியைச் சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி உண்மையிலேயே தயாரித்தது. ஆனால் அதற்காக யாரும் அச்சு வெட்டவில்லை; பிரிட்டனின் அட்லஸ் வேனுக்கு வெட்டிய அச்சில் நம் வண்டி தற்செயலாகப் பொருந்திவிட்டது. இதே தற்செயலில்தான் ஏர்ஃபிக்ஸின் டிரையம்ஃப் ஹெரால்டு கிட்டும் நம்முடையது ஆனது. வண்டலூர்ப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டும் அதுவும் ஒரே வம்சம். பிறகு இந்தியாவில் மட்டும் நான்கு கதவு ஹெரால்டு வந்தது. பிரிட்டனில் அது இல்லை, ஆகவே கிட்டும் இல்லை. அவர்கள் வண்டியிலிருந்து நம் வண்டி எந்த இடத்தில் விலகியதோ, சரியாக அந்த இடத்தில் அச்சும் நம்மைக் கைவிட்டது. வெள்ளைக்காரனின் அறியாமை என்ற விளக்கம் இங்கேதான் உடைகிறது; அவன் ஹெரால்டை அறியாதவனா என்ன?

அம்பாசடருக்கு வருவோம். 1950-களின் கடைசியிலிருந்து 2014 வரை உத்தர்பாராவில் தயாரான கார். கலெக்டர் வண்டி, கல்யாண வண்டி, பண்ருட்டி பஸ் ஸ்டாண்டு வாடகை ஸ்டாண்டில் வரிசையாக நின்ற வண்டி, முந்திரி வியாபாரி குடும்பத்தோடு பன்னிரண்டு பேர் ஏறிச் சிதம்பரம் போன வண்டி. நிஜ நீளம் ஏறக்குறைய 4.3 மீட்டர், கார் கிட்டுகளின் வழக்கமான இருபத்துநான்கில் ஒரு பங்கு என்று வைத்தால் 18 சென்டிமீட்டர். உள்ளங்கையும் விரலும் சேர்ந்த நீளம். அந்த அளவில் அதன் முதுகு வளைவும், பானெட்டின் வீங்கிய மூக்கும், ஸ்டியரிங் பக்கத்திலேயே இருக்கும் கியர் கம்பியும் எவ்வளவு அழகாக வரும் என்று ஆசைப்படாதவர் இல்லை. ஆனால் நிஜக் காரை அப்படியே செய்து விற்க அதன் பெயருக்கு உரிமையுள்ளவரிடம் அனுமதி வாங்க வேண்டும். அம்பாசடர் என்ற பெயரை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 2017-இல் 80 கோடி ரூபாய்க்குப் பிரான்சின் பெஜோ குழுமத்துக்கு விற்றுவிட்டது. நம் ஊர்க் கல்யாணக் காரைக் கிட்டாக்க விரும்புகிறவர் இனி அந்தப் பக்கம் கடிதம் எழுத வேண்டும். இதற்கிடையே டெல்லியின் சென்டி டாய்ஸ், இழுத்துவிட்டால் ஓடும் பிளாஸ்டிக் அம்பாசடரை மலிவு விலையில் கடை கடையாகத் தொங்கவிட்டது. பொம்மையாகப் பார்த்தால் அது நல்ல பொம்மை. அந்த விலையில் ஓர் அம்பாசடர் கிடைக்கும்போது, அனுமதிக் காசும் எஃகு அச்சுக் காசும் போட்டுக் கிட் விட எந்தக் கம்பெனி துணியும்?

இங்கேதான் பண்ருட்டிக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. கொலுப் பொம்மைத் தொழிலும் வருடாவருடம் இதே கேள்வியில் நிற்கிற தொழில்தான். மயிலாப்பூர் வடக்கு மாடவீதியில் வந்து நிற்கும் மாமிகள் முதலில் கேட்பதே “இந்த வருஷம் புது செட்டு என்ன வந்திருக்கு?” என்பதுதானே. கல்யாண செட், கிரிக்கெட் செட், கிராம செட், நவக்கிரகம், அஷ்டலட்சுமி என்று அந்தப் பட்டியல் நீண்டுகொண்டே வந்திருக்கிறது. 2019-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். காஞ்சிபுரத்தில் நாற்பது ஆண்டுக்குப் பிறகு அத்திவரதர் குளத்திலிருந்து எழுந்து ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் தரிசனம் தந்தார். செப்டம்பர் கடைசியில் நவராத்திரி. அதற்குள் சயனக் கோலத்திலும் நின்ற கோலத்திலும் அத்திவரதர் பொம்மைகள் கொலுக் கடைகளை நிறைத்துவிட்டன. ஷிசுவோகாவில் ஒரு புதுக் கார் அறிவிப்பாகிப் பெட்டியாக வெளிவர மாதக் கணக்கில், சில சமயம் வருடக் கணக்கில் ஆகும். நம் ஆட்கள் சில வாரத்தில் மூலம் செய்து, அச்சு எடுத்து, காய வைத்து, கண் எழுதி, சந்தைக்கு அனுப்பிவிட்டார்கள். சாமி மகிமை ஒரு பக்கம் இருக்கட்டும். மலிவான அச்சு இல்லாமல் இது நடந்திருக்காது. விற்காவிட்டால் போவது கொஞ்சம் பிளாஸ்டரும் சில நாள் கூலியும். அதனால் புதிதாக ஒன்றைச் செய்து பார்க்கிற தைரியம் இருக்கிறது. எஃகு அச்சுக்காரருக்கு அந்தத் தைரியம் வராது, வரவும் கூடாது.

உடனே ஒருவர் கேட்பார்: பொம்மை வேறு, கிட் வேறு, வரதரின் கை ஒரு நூல் தடித்தால் யாருக்கும் தெரியாது, கார்க் கதவு ஒரு நூல் தடித்தால் உடம்பில் உட்காராதே? நியாயமான கேள்வி. காகிதக்கூழ் காயும்போது சுருங்கும், அதுவும் சமமாகச் சுருங்காது. பிளாஸ்டர் அச்சு மழுங்கும். ஆகவே அதே கூழிலும் அதே பிளாஸ்டரிலும் அம்பாசடர் செய்யலாம் என்று நான் சொல்லவில்லை. எடுத்துக்கொள்ள வேண்டியது பொருளை அல்ல, முறையை: கையால் ஒரு மூலம், அதிலிருந்து மலிவான அச்சு, அதில் கொஞ்சம் பிரதிகள், தேய்ந்தால் மறு அச்சு. இந்த முறையில்தான் உலகம் முழுக்கச் சின்னக் கம்பெனிகள் ரெசின் கிட் செய்கின்றன. மூலத்தின்மேல் சிலிக்கான் ரப்பர் ஊற்றி அச்சு எடுத்து, அதில் ரெசினை வார்க்கிறார்கள். ஓர் அச்சில் இருபது முப்பது பிரதிக்குமேல் தாங்காது. பிறகு ரப்பர் கிழியும், மறுபடி ஊற்றுவார்கள். பெரிய கம்பெனிகள் தொடாத வண்டிகளெல்லாம் அந்த வழியாகத்தான் கிட்டாகியிருக்கின்றன. ரெசினில் கதவு கச்சிதமாக உட்காரும். தவிர, எல்லாக் கதவும் திறந்தாக வேண்டும் என்றும் கட்டாயமில்லை. உடம்பு ஒரே வார்ப்பு, அடித்தட்டு ஒன்று, இருக்கைகள், சக்கரம், கண்ணாடி என்று எளிய கிட்டுகளை இன்றும் பெரிய கம்பெனிகளே விற்கின்றன. இரண்டு பாதியைச் சேர்த்து விளிம்பு தெரியாமல் மறைப்பதும், பள்ளத்தில் காற்றுக்குமிழ் தங்காமல் பார்ப்பதும், மூலத்திலேயே ‘இது அச்சிலிருந்து கழன்று வருமா’ என்று கணிப்பதும் ரெசின்காரருக்குத் தேவையான கைத்திறன். பண்ருட்டிக்கு இதைப் புதிதாகக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

வாங்குவதற்கு ஆள் வேண்டாமா என்பது அடுத்த ஆட்சேபம். ஒட்டவும் பெயிண்ட் அடிக்கவும் இங்கே யாருக்குப் பொறுமை என்று கேட்கிறவர்கள், தமிழ்நாடு முழுக்க ஃபோம் போர்டையும் அட்டையையும் வெட்டி அரசு பஸ் செய்கிற இளைஞர்களைப் பார்த்ததில்லை போலிருக்கிறது. கிட் எதுவும் இல்லாமல், வரைபடம் இல்லாமல், பஸ் ஸ்டாண்டில் நின்று அளவு எடுத்து, ஜன்னல் கம்பியிலிருந்து உள்ளே எரிகிற லைட்வரை வைத்துச் செய்கிறார்கள். சிலர் கடையில் விற்கும் பிளாஸ்டிக் பஸ்ஸை வாங்கிப் பிரித்து, நம் ஊர் வண்ணம் பூசி, நம் ஊர்ப் பலகை மாட்டுகிறார்கள். பொறுமை இருக்கிறது, பெட்டிதான் இல்லை. இறக்குமதிப் பெட்டியின் விலை இன்னொரு காரணம். பொம்மைகளுக்கான சுங்க வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்ந்தது. அளவு மாடல்களும் சுங்கப் பட்டியலில் பொம்மைகளோடு ஒரே தலைப்பில்தான் வருகின்றன. கார் கிட் ஒன்றின் விலை பல ஆயிரத்தில் போய் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். உள்நாட்டு ரெசின் கிட் மலிவாக இருக்காது, கையால் வார்ப்பது எப்போதும் நேரம் தின்கிற வேலை. ஆனால் வரி ஏறிய வெளிநாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் அது வெட்கப்படவும் வேண்டியதில்லை.

அப்படியானால் முதல் பெட்டியில் எந்த வண்டி? எல்லாரும் அம்பாசடர் என்பார்கள். நான் பஸ் என்பேன். கடலூர், பண்ருட்டி, நெல்லிக்குப்பம் ஓடுகிற நம் அரசு பஸ். கார் என்றால் கம்பெனியின் வடிவம், கம்பெனியின் பெயர். பஸ் அப்படியல்ல. சேஸிஸ் எண்ணூரிலோ ஓசூரிலோ அசோக் லேலண்டு செய்தது; மேலே பாடி, போக்குவரத்துக் கழகத்தின் சொந்தப் பட்டறையிலோ கரூர்ப் பட்டறையிலோ கட்டியது. வடிவத்துக்கு ஒரே முதலாளி என்று யாருமில்லை. முன்பக்கத்து எழுத்துக்கும் கழகத்தின் சின்னத்துக்கும் மட்டும் கேட்டுக்கொண்டால் பெரும்பாலும் தீர்ந்தது. அதைவிட முக்கியம், ஒரே அச்சில் எத்தனை வண்டி எடுக்கலாம் என்பது. 1997-க்கு முன்னால் இந்தப் பக்கத்து பஸ்ஸில் எழுதியிருந்த பெயர் தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம். கும்பகோணம் போனால் சோழன், மதுரையில் பாண்டியன், கோவையில் சேரன், நெல்லையில் கட்டபொம்மன், திருச்சியில் தீரன் சின்னமலை, நாகர்கோவிலில் நேசமணி, சென்னையில் பல்லவன், தூரத்து ஊர்களுக்குத் திருவள்ளுவர். பஸ்ஸின் பெயரைப் பார்த்தே எந்த ஜில்லாவுக்குள் நுழைந்தோம் என்று சொல்லிவிடலாம். பிறகு அந்தப் பெயர்களெல்லாம் போய், பெரும்பாலான பஸ்களில் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்ற ஒரே பெயர் வந்தது. வண்ணங்கள் மட்டும் மாறிக்கொண்டே வந்தன, பெண்கள் இலவசமாக ஏறும் நகரப் பேருந்தின் இளஞ்சிவப்பும் 2023-இல் வந்த மஞ்சளும் உட்பட. உடம்பு ஒன்று, டீகால் தாள் பத்து. ஏஎம்டி ஒரு பெட்டியில் மூன்று கார் கொடுத்து அச்சுக்காசை எடுத்தது என்றால், ஒரு பஸ் அச்சு ஒரு மாநிலத்தின் அத்தனை ஜில்லாவுக்கும் பெட்டி கொடுக்கும். சிதம்பரத்துக்காரர் ஒன்று வாங்குவார், சிங்கப்பூரில் இருக்கும் காரைக்குடிக்காரர் மருது பாண்டியர் என்று எழுதியதாகத் தேடி ஒன்று வாங்குவார்.

முப்பரிமாண அச்சுப்பொறி வந்துவிட்டதே, இனி அச்சே எதற்கு என்பவர்களும் உண்டு. கோப்பை இறக்கி வீட்டிலேயே எடுத்துக்கொள்ளலாம் என்பது பாதி உண்மை. அந்த இயந்திரம் அடுக்கு அடுக்காகக் கட்டுவதால் மேற்பரப்பில் வரி விழும். பஸ்ஸின் நீண்ட தகரப் பக்கத்தில் அந்த வரியை உப்புத்தாளால் தேய்த்து எடுப்பதற்குள் ஒரு நவராத்திரி முடிந்துவிடும். கண்ணாடிபோல் தெளிவான ஜன்னல் அதில் சரியாக வருவதில்லை, எழுத்து வருவதில்லை. ஆனால் மூலம் செய்வதற்கு அதைப்போல நல்ல கருவி இல்லை. களிமண்ணில் வாரக்கணக்கில் ஆகும் மூலத்தை அது சில நாளில் கொடுக்கும். பிறகு தேய்த்து வழவழப்பாக்கி, சிலிக்கானில் அச்சு எடுத்து, ரெசினில் வார்ப்பது பழைய வேலைதான். அத்திவரதர் பொம்மைக்குச் சில வாரம் எடுத்தவர்களுக்கு ஒரு பஸ்ஸுக்கு எவ்வளவு ஆகும் என்று அவர்களையே கேட்கலாம்.

ஒரு சந்தேகம் எனக்கும் உண்டு, அது தொழில்நுட்பத்தைப் பற்றியதல்ல. பொம்மை செய்கிற குடும்பங்களில் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போகிறார்கள். வருடத்தில் மூன்று மாதம் விற்று ஒன்பது மாதம் காத்திருக்கிற தொழிலில் அவர்களைப் பிடித்துவைக்க யாருக்கும் உரிமையில்லை. ஆனால் கிட்டுக்கு நவராத்திரி கிடையாது. தை மாதமும் விற்கும், சித்திரையிலும் விற்கும். பஸ் செய்கிற இளைஞர்களிடம் அளவும் ஆசையும் இருக்கிறது, பொம்மைக்காரர்களிடம் அச்சும் விரலும் இருக்கிறது. இருவரும் பெரும்பாலும் ஒரே தாலுகாவில், ஒருவரை ஒருவர் தெரியாமல் இருக்கிறார்கள். பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்ற 2020-ஆம் ஆண்டு உத்தரவிலிருந்து, கைவினை ஆணையரிடம் பதிவு செய்த கைவினைஞர்களின் பொருள்களுக்கு விலக்கு தரப்பட்டிருக்கிறது; ஆகவே ஆரம்பத்திலேயே பரிசோதனைக்கூடச் செலவு என்ற பயமும் குறைவு. பஸ் பதினொரு மீட்டர் என்றால் இருபத்துநான்கில் ஒரு பங்கு 46 சென்டிமீட்டர், கொலுப்படியில் பாதியை அடைத்துக்கொள்ளும். நாற்பத்து மூன்றில் ஒரு பங்கு என்றால் 26 சென்டிமீட்டருக்குள் அடங்கும். முதல் பெட்டி அந்த அளவில் இருக்கலாம். உள்ளே உடம்பு, அடித்தட்டு, இரண்டு வரிசை இருக்கை, ஆறு சக்கரம், பின்னால் ஏறும் ஏணி, மேலே சுமை கட்டும் கம்பி. டீகால் தாளில் கழகத்தின் பெயர், படியில் பயணம் செய்யாதே என்கிற எச்சரிக்கை, டிரைவர் தலைக்கு மேலே திருக்குறளுக்கு ஒரு பலகை. முன்கண்ணாடியில் வைக்க இரண்டு ஊர்ப் பலகைகள், போக ஒன்று, வர ஒன்று.